212ஆம் பக்கம்

நாரின், 9 அக்டோபர் 2003

மருத்துவக் கர்னல் (ஓய்வு) காசிமாலி அவர்களுக்கு,

வணக்கம். அண்ணன் என்ற உரிமையில் இருபது ஆண்டுகளாக உங்களைப் பைகே என்றே அழைத்து எழுதி வந்தேன். இக்கடிதத்தில் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறேன்.

மலைநாட்டுப் போர்களில் அறுவை மருத்துவம் பற்றி நீங்கள் எழுதியுள்ள நூலின் தட்டச்சுப் பிரதி வந்தது. பிழை பார்த்துத் தரச் சொல்லியிருந்தீர்கள். முதல் பதினொரு அத்தியாயங்களில் எனக்குக் குறை ஏதும் இல்லை. கிரீமியப் போரில் காயம்பட்டவர்களை வந்த வரிசைப்படி பார்க்காமல் காயத்தின் தன்மைப்படி பிரித்தெடுக்கத் தொடங்கியது, மாவுக்கட்டு போர்க்களத்துக்கு வந்தது, பெரும்போரின்போது நம் பள்ளிக்கூடங்களில் கரும்பலகைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில்கள் போட்டது, எல்லாம் தெளிவாக வந்திருக்கின்றன. இரண்டு இடங்களில் ஆண்டு தவறியிருக்கிறது. ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் அத்தியாயம், 212ஆம் பக்கம். நீங்கள் எழுதியதையே உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்:

“1984 நவம்பரில் மருத்துவ உதவியாளர் தோ. என்பவர், கண்ணிவெடியில் பாதம் இழந்த சிப்பாய் ஒருவரின் தொடையில் கட்டிய ரப்பர் பட்டையை நான்கு மணி நாற்பது நிமிடம் தளர்த்தாமல் விட்டுவிட்டார். அந்த அலட்சியத்தை மறைக்க, அறுவைக் கூடாரத்தின் கடிகாரம் தவறு என்று பொய்யும் சொன்னார். ஒருவரின் சோம்பலால் ஒரு முழங்கால் போயிற்று. மாணவர்கள் இதை மறக்கலாகாது.”

நம் இருவருக்கும் தெரிந்ததை இங்கே விளக்குவதற்குக் காரணம், இக்கடிதத்தின் நகல் வேறிடத்துக்கும் போக நேரலாம். இரத்தம் நிறுத்தக் கட்டும் பட்டை குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நான்கு மணி நேரம் தாண்டினால் கால் செத்ததாகக் கொண்டு, பட்டையை அவிழ்க்காமலே அதற்கு மேலே அறுக்க வேண்டும். ஆகவே காயம்பட்டவரோடு வரும் அட்டையில், பட்டை கட்டியதும் உதவியாளர் எழுதும் நேரமும் சுவரில் ஓடும் நேரமும் சேர்ந்துதான் கத்தி விழும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. அன்று நீங்கள் அறுத்தீர்கள். எதிரே நின்று காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அறுத்த காலை வெளியே எடுத்துச் சென்றபோது முழங்காலை மடக்கிப் பார்த்தேன். செத்த கால் விறைத்திருக்க வேண்டும், இது விறைப்பே இல்லாமல் மடங்கிற்று. அதை உங்களிடம் சொன்னேன். “குளிர்ல அப்படித்தான் இருக்கும், போய்க் கைய கழுவு” என்றீர்கள். கழுவினேன். ஒன்பதாம் நாள் விசாரணையில், கடிகாரம் பிற்பகல் இரண்டு காட்டியது என்று கையெழுத்தும் இட்டேன்.

‘தோ.’ என்பவருக்கு முழுப் பெயர் உண்டு. தோக்தோசுன். பத்தொன்பது ஆண்டுகளாக மருத்துவம் செய்யும் உரிமை இல்லாமல் இருக்கிறார். கடந்த ஆறு ஆண்டுகளாக நான் தலைமை தாங்கும் இந்த மருத்துவமனையின் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடுகிறார். நான் அறுவை செய்யும் அறை அவர் போடும் கரியால் சூடாகிறது. தம் சான்றிதழைத் திருப்பித் தரக் கோரி அவர் கொடுத்த மனு நவம்பர் 20 அன்று மீளாய்வுக் குழுவின் முன் வருகிறது. குழுவின் தலைவர் நீங்கள். உங்கள் நூல் அச்சுக்குப் போகும் நாள் டிசம்பர் முதல் தேதி. இரண்டையும் ஒரே பேனாவால் முடித்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறீர்கள்.

அந்தப் பத்தியை நீக்க வேண்டும். காரணத்தைக் குழுவுக்கு எழுத்தில் தர வேண்டும்.

கென்ஜெபெக்


பிஷ்கெக், 19 அக்டோபர் 2003

அன்புத் தம்பி கென்ஜெபெக்,

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் அஞ்சல்காரி அதைக் கொடுத்துவிட்டு, “நாரின்லேர்ந்து வந்திருக்கு தாத்தா, தொட்டாலே சில்லுனு இருக்கு” என்றாள். படித்துப் பார்த்தபோது அவள் சொன்னது சரிதான் என்று தெரிந்தது.

போன மாதம் கல்லடைப்புக்காக என்னைப் படுக்கவைத்தார்கள். வயிற்றை அறுத்த பையன் என் மாணவனின் மாணவன். தையல் கோணல். நான் குறை சொன்னால், “பேசாம படுங்க கர்னல், இது என் மேசை” என்கிறான். பிடித்திருந்தது. உன் மகள் இரண்டு முறை வந்து பார்த்தாள், ஆப்பிள் கொண்டு வந்தாள். இரண்டாம் ஆண்டு உடற்கூறில் முதல் இடமாமே? நீ எழுதவே இல்லையே. நல்ல செய்தியை மறைத்துக் கெட்ட செய்தியை மட்டும் எழுதும் வழக்கம் உனக்கு எப்போது வந்தது?

212ஆம் பக்கத்தைப் பற்றி. அது விசாரணைக் குழுவின் முடிவு. நான் சேர்த்தது ஒன்றுமில்லை. இருந்தாலும், ‘சோம்பல்’ என்பதை ‘கவனக்குறைவு’ என்று மாற்றிவிடுகிறேன். தோக்தோசுனுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. இந்த வயதில் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறான்? வேண்டுமானால் மருந்துக் கிடங்கில் நல்ல வேலை ஒன்றுக்குச் சொல்கிறேன். எல்லை ஆற்றுக்கு அப்பால் போரில் நடந்தவற்றை ஆற்றுக்கு அப்பாலேயே விட்டுவிடு. ஒரு மூத்தவனாகக் கேட்கிறேன். உன் மனைவி சுயும்கானுக்கு என் அன்பு.

உன் பைகே,
காசிமாலி


நாரின், 27 அக்டோபர் 2003

கர்னல் அவர்களுக்கு,

மருந்துக் கிடங்கு வேலையைப் பற்றித் தோக்தோசுனிடம் சொன்னேன். கொதிகலன் அறைக்கே போய்ச் சொன்னேன். ஆறு ஆண்டுகளில் நான் அங்கே இறங்கியது அதுதான் முதல் முறை. இதையும் என் குற்றங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் மண்வாரியை நிறுத்தவில்லை.

“கிடங்கா? அங்க குளிரும் டாக்டர். இங்க சூடா இருக்கு. பெரிய டாக்டருங்க எல்லாம் எனக்குக் கீழதான் நடுங்குறாங்க, நான் கரி போடலன்னா.”

“விளையாடாதே தோக்தோசுன். அன்னிக்கு நடந்ததைச் சொல்லு.”

“பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். நீங்களும் அங்கதான் உக்காந்திருந்தீங்க. ஒம்பது இருவதுக்குக் கட்டினேன். கட்டினதுமே மணி எழுதினேன். ஹெலிகாப்டர்ல அவன் தலைய மடியில வச்சிக்கிட்டு வந்தேன். கூடாரத்துல அட்டையக் குடுக்கறப்போ கடிகாரத்தப் பாத்தேன். ரெண்டு மணி. ‘என்னங்கடா இது, நாம வந்த வழியில மூணு மணி நேரம் எங்க போச்சு’ன்னு கேட்டேன். ‘வெளிய போ, இடத்த அடைக்காத’ன்னாங்க. போயிட்டேன். விசாரணையில அதே கடிகாரத்தக் காட்டி, ‘பாரு, சரியாத்தானே ஓடுது’ன்னாங்க. ஆமா, அன்னிக்குச் சரியாத்தான் ஓடிச்சு.”

பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். சூடு வெளியே போகிறதாம்.

அவர் சொன்னதை மட்டும் நம்பி நான் எழுதவில்லை. அந்த ஹெலிகாப்டர் எட்டு நாள் கழித்து வீழ்த்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் துணை விமானி அப்போது மஞ்சள்காமாலையோடு நம் கூடாரத்தில் படுத்திருந்ததால் பிழைத்தார். இப்போது கான்ட் ஊரில் கண்ணாடிக் கூடம் போட்டுத் தக்காளி வளர்க்கிறார். போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். தம் பறப்புக் குறிப்பேட்டை வைத்திருக்கிறார். அந்த நாளுக்குரிய வரியை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். புறப்பாடு 9.50, இறக்கம் 10.35, இரண்டும் மாஸ்கோ நேரம். நம் பிரிவில் அட்டை, பதிவேடு, கடிகாரம் எல்லாமே மாஸ்கோ நேரத்தில்தான் இருக்க வேண்டும் என்பது கட்டளை. இறங்கிய இருபத்தைந்தாம் நிமிடத்தில் காயம்பட்ட அந்தச் சிப்பாய் விக்தர் மேசை மேல் இருந்தார். ஆகவே பட்டை காலில் இருந்தது ஒரு மணி நாற்பது நிமிடம். வரம்பைப் பத்து நிமிடமே தாண்டியிருந்தது, கால் சாகவில்லை. முழங்காலுக்குக் கீழே அறுத்திருக்கலாம். முழங்கால் இருந்திருந்தால் அவர் பொய்க்காலோடு ஏணி ஏறியிருப்பார், பேருந்து ஓட்டியிருப்பார்.

அன்று கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னால் ஓடியது. விசாரணை நாளன்று சரியாக ஓடியது. இடையில் ஒரு கை அதைத் திருப்பியிருக்கிறது. அந்தக் கூடாரத்தில் உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு கத்தரிக்கோல்கூட இடம் மாறாது. பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்த மாதம் அது. அவசரத்தில் அறுத்தீர்கள், பிழை தெரிந்ததும் முள்ளைத் திருப்பினீர்கள், கேட்பார் இல்லாத ஒருவன் தலையில் பழியை வைத்தீர்கள். இப்போது அதையே பாடமாக எழுதி, மாணவர்கள் மறக்கலாகாது என்கிறீர்கள். அதைப் படிக்கப்போகும் மாணவர்களில் என் மகளும் ஒருத்தி.

நவம்பர் 15க்குள் உங்கள் பதில் வராவிட்டால், இந்த நகலோடு நானே குழுவின் முன் வருவேன்.

கென்ஜெபெக்


பிஷ்கெக், 6 நவம்பர் 2003

தம்பி,

முள்ளைத் திருப்பியது நான்தான். உன் கணக்கில் மற்றவை பிசகு. என் பதவி உயர்வு செப்டம்பரிலேயே வந்துவிட்டது.

அன்று பாதி மூளையோடுதான் எல்லோரும் வேலை செய்தோம். முப்பது மணி நேரமாக நீ தூங்கவில்லை. நாற்பத்தொரு பேர் காயம்பட்டு வந்திருந்தார்கள். மாலையில் அறிக்கை அனுப்பச் செய்தித் தொடர்பு அறைக்குப் போனேன். அங்கே மணி ஐந்து. திரும்பி வந்தால் நம் கூடாரத்தில் எட்டு. நர்ஸ் ஸோயாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“காலையில நின்னு போச்சுங்க,” என்றாள். “சாவி குடுத்து ஓட விட்டாச்சு.”

“மணி பாத்து வச்சது யாரு?”

இரண்டாம் முறை அதட்டியதும்தான் சொன்னாள். “கென்ஜெபெக் டாக்டர். அவரு கைக்கடிகாரத்தப் பாத்து வச்சாரு. அது அவரு வீட்டு மணிங்க, தோழர் கர்னல். புள்ளத்தாச்சி பொண்டாட்டிக்காக அப்படியே வச்சிருக்காரு. அவருக்கு நெனப்பே இல்ல போல. திட்டாதீங்க.”

நம் ஊர் மணி மாஸ்கோவைவிட மூன்று மணி நேரம் முன்னால்.

அப்போது நீ மூலையில், இரத்தக் கறை படிந்த ஏப்ரனோடு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாய். நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பினேன். ஸோயாவிடம், “நீ ஒண்ணும் பாக்கல” என்றேன். அன்று காலைதான் உனக்குப் பெண் பிறந்ததாகத் தந்தி வந்திருந்தது. என் பையில் இருந்தது. நீ எழுந்ததும் கொடுத்தேன்.

விசாரணை வந்தபோது என் முன்னால் நீயும் தோக்தோசுனும் இருந்தீர்கள். உண்மை வெளிவந்தால் அறுத்த நானும் கடிகாரம் வைத்த நீயும் மாட்டுவோம். எனக்குக் கண்டிப்போடு போயிருக்கும். லெப்டினன்டான நீ இராணுவ நீதிமன்றத்துக்குப் போயிருப்பாய். கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் என்னிடம் இரண்டே பேர். உதவியாளர்கள் பதினொரு பேர். நமக்கு முதல் நாளில் சொல்லித்தந்தது என்ன? எல்லோரையும் காப்பாற்ற முடியாதபோது பிரி. காப்பாற்றினால் அதிகம் பேருக்குப் பயன்படுபவனை முதலில் மேசையில் ஏற்று. பிரித்தேன். உன்னை ஏற்றினேன். அவனை வெளியே கிடத்தினேன்.

அதன்பின் அந்தப் போரில் மட்டும் நீ முந்நூற்றுப் பதினேழு பேரை அறுத்துப் பிழைக்க வைத்தாய். எண்ணி வைத்திருக்கிறேன். அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன்.

புத்தகத்தில் ஏன் எழுதினேன் என்று கேட்பாய். ஒரு பொய்யைப் பலமுறை எழுதினால் அது நடந்ததாகவே ஆகிவிடும் என்று எண்ணினேன். ஆகவில்லை.

இனி உன் விருப்பம். நீ பேசாமல் இருந்தால் நானும் பேசமாட்டேன். நீ பேசினால் மறுக்கமாட்டேன்.

காசிமாலி


நாரின், 11 நவம்பர் 2003

காசிமாலி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒன்றும் எனக்கு நினைவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததும் நினைவில்லை, முள்ளை வைத்ததும் நினைவில்லை. ஆகவே நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றே முதலில் எடுத்துக்கொண்டேன். கடிதத்தைச் சுயும்கானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்துபோய், பெட்டியிலிருந்து என் பழைய கடிதக் கட்டை எடுத்து வந்தாள். தேட வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. அந்தக் கடிதம் மேலேயே இருந்தது. அதை அவள் அடிக்கடி படிப்பாள் என்பதை அன்றுதான் அறிந்தேன். 1984 அக்டோபர் தேதியிட்டது. “இங்கே எல்லோரும் மாஸ்கோவின் மணியில் வாழ்கிறார்கள். என் கைக்கடிகாரம் மட்டும் உன் மணியில் ஓடுகிறது. நீ எப்போது சாப்பிடுவாய், எப்போது தூங்குவாய் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.”

“இந்த மனசுக்காகத்தான் உன்னக் கட்டிக்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்,” என்றாள். “இனிமே எப்படிச் சொல்றது?”

என்னைக் காப்பாற்றினீர்கள். நன்றி சொல்ல மாட்டேன். காயம்பட்டவனைப் பிரிக்கும்போது அவன் சம்மதத்தைக் கேட்பதில்லை. ஏனெனில் அவனால் பேச முடியாது. என்னால் பேச முடிந்தது. தோக்தோசுன் பேசவே செய்தார். நாங்கள் இருவரும் காயம்படாதவர்கள். நீங்கள் எங்களைப் பிரித்தது மருத்துவம் அன்று. மருத்துவத்தின் சொல்லை எடுத்து உங்கள் செயலுக்குப் போர்த்தினீர்கள். முந்நூற்றுப் பதினேழு என்ற எண்ணை இனி எவரிடமும் சொல்லாதீர்கள். அவர்களைப் பிழைக்க வைத்தது அவர்களுக்காக. உங்கள் பொய்க்கு விலையாகத் தர அல்ல.

இந்த அளவு கோபத்தோடு முன்பு எழுதியவை எல்லாம் எனக்கே எழுதிக்கொண்டவை என்று இப்போது தெரிகிறது. அதனால் கோபம் குறையவில்லை. முகவரி மட்டும் இரண்டாகிவிட்டது.

நேற்றுக் கொதிகலன் அறைக்குப் போய், கடிகாரத்தை வைத்தது நான்தான் என்று தோக்தோசுனிடம் சொன்னேன். இம்முறை மண்வாரியை நிறுத்தினார்.

“நீங்களா?”

“நான்தான்.”

“நான் கர்னல்னுதான் இத்தன வருஷமும் அவரையே திட்டிக்கிட்டிருந்தேன். காலையில ஒரு தரம், ராத்திரி ஒரு தரம். எல்லாம் தப்பான விலாசத்துக்குப் போயிருக்கே.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “எங்கம்மா சாகறப்போ கேட்டா டாக்டர். ‘நெஜமாவே தூங்கிட்டியாடா?’ன்னு. இல்லம்மான்னேன். நம்பலன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. அத நீங்க எந்தக் காகிதத்துல எழுதித் தருவீங்க?”

அவர் மறுபடி கரி அள்ளத் தொடங்கினார். நான் ஏறி வந்தேன்.

குழுவுக்கு நான் எழுதிய வாக்குமூலத்தை இதனுடன் இணைத்திருக்கிறேன். சுயும்கானுக்கு நான் எழுதிய அந்தப் பழைய கடிதமும் குறிப்பேட்டு நகலும் அதோடு உள்ளன. அங்கே நீங்களே அதை உரக்கப் படியுங்கள். அதுதான் நான் கேட்பது.

கென்ஜெபெக்


பிஷ்கெக், 22 நவம்பர் 2003

தம்பி,

படித்தேன். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து, எதிர்ப்பக்கம் போய் நின்று படித்தேன். பிறகு என்னுடையதைப் படித்தேன். அது உன்னுடையதைவிடச் சிறியது.

தோக்தோசுன் வந்திருந்தான். துவைத்துத் துவைத்து வெளுத்த கோட்டு. குழுவிலிருந்த ஓர் இளம்பெண், “பத்தொம்பது வருஷம் ஆச்சே, இன்னும் வேலை ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள். எழுந்து நேராக என்னிடம் வந்தான். அடிக்கப்போகிறான் என்றே எண்ணினேன். என் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். “நூத்திப் பத்து. துடிப்பு விட்டு விட்டு வருது. இவர முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க. என் மனுவ அப்புறம் பாக்கலாம்.” யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது சரியாக இருந்தது. மறுநாள் இதயப் படம் எடுத்தார்கள்.

சான்றிதழ் திரும்பக் கிடைத்துவிட்டது. உனக்கு ஓர் ஆண்டு அறுவைத் தடை. எனக்குத் தருவதற்கு அவர்களிடம் தண்டனை ஒன்றும் இல்லை, நான் ஓய்வுபெற்றவன். 212ஆம் பக்கத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். நம் மூவரின் பெயர்களும் முழுமையாக இருக்கின்றன. இப்படியானால் பாடநூலாக ஏற்க முடியாது என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

உன் மகளிடம் நானே சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்தாள். ஆப்பிளை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

விக்தரின் முகவரி கிடைத்துவிட்டது. ஓரன்பூர் அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவருக்குப் போக வேண்டிய கடிதத்தை நீ எழுது. உன் எழுத்து நேராக இருக்கும்.

காசிமாலி


நாரின், 8 டிசம்பர் 2003

பைகே,

மேலே பழைய சொல்லையே எழுதியிருக்கிறேன். மன்னித்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒரே குற்றத்தில் மூத்தவர் நீங்கள், இளையவன் நான். அதைச் சொல்ல வேறு சொல் கிடைக்கவில்லை.

விக்தருக்கு எழுதிய கடிதத்தை இணைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன், மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். என் கையெழுத்துக்கு மேலே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்திட்டு நீங்களே அஞ்சலில் சேர்த்துவிடுங்கள். அதன்பின் நாம் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவைத் துறையை இளைய மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். புறநோயாளிகளைப் பார்க்கிறேன். தோக்தோசுன் முதல் தேதியிலிருந்து அவசரப் பிரிவில் இருக்கிறார். கொதிகலன் அறைக்கு இன்னும் ஆள் கிடைக்காததால் கட்டடம் பாதி குளிராக இருக்கிறது. “அனுபவிங்க” என்கிறார்.

வியாழக்கிழமை தோலோன் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து ஆறு பேரைக் கொண்டு வந்தார்கள். ஆள் போதாததால் என்னையும் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் அவர் ஆறு பேரையும் பார்த்துப் பிரித்து முடித்திருந்தார். கத்திக்கொண்டிருந்த மூவரை நடைபாதையில் உட்கார வைத்திருந்தார். சத்தமே இல்லாமல் கிடந்த கிழவர் ஒருவரை முதலில் உள்ளே அனுப்பியிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஓட்டுநரின் தொடையில் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். இறுக்கி முடித்ததும் பேனாவை எடுத்து, அட்டையைப் பிடித்தபடி நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“டாக்டர், உங்க கடிகாரத்துல மணி என்ன?”

“பதினொண்ணு பத்து.”

“எந்த ஊரு மணி?”

“இந்த ஊரு மணி.”

மறுபடியும் சுவரைப் பார்த்தார். எழுதினார்.

கென்ஜெபெக்